இயக்கம் வேலை செய்யுதோ?

போன சனிக்கிழமை என் மகள் சாப்பாட்டு மேசையை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சின்ன மோட்டர், இரண்டு வயர், ஒரு பாட்டரி, என்னுடைய பழைய சோல்டரிங் கோல். ஈயம் உருகி அந்தக் குங்கிலியப் புகை மணம் மூக்கில் ஏறியதும் நான் செய்த முதல் காரியம், எழுந்துபோய் யன்னல் திரையை இழுத்து மூடியது. எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தபால்காரர். தன் ரோசாச் செடிகளைத் தவிர வேறெதையும் அவர் உளவு பார்ப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் மூடினேன். நான் ஒரு சந்தேகப் பிராணி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மோட்டர் சுற்றத் தொடங்கியது. மகள் தமிழ்ப் பள்ளிக் கொப்பியை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, மோஷனுக்குத் தமிழில என்ன?"

எனக்கு விடை தெரியும். தெரிந்தும், "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போய்விட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அவளுக்குச் சொல்லுமுன் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அப்பா திருகோணமலை நகரத்தில் பௌதிகவியல் வாத்தியார். லிங்கநகரில் எங்கள் வீட்டு விறாந்தையிலும் பின்னேரம் வகுப்பு நடக்கும். அவர் வாயில் ஆங்கிலச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. சேர்க்கிட் என்றால் சுற்று, ரெசிஸ்டர் என்றால் தடையி. எனக்கு இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரோனிக் சிஸ்டம்ஸ் படிக்க இடம் கிடைத்தபோது, பூராயம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "இலத்திரனியல் தொகுதிப் பொறியியல்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அதைக் கேட்டு வியர்த்துவிட்டது. அவர் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கர். துறைமுகப் பக்கம் ரேடியோ திருத்தக் கொண்டுபோனவனையே ஆமிக்காரர் மறித்து, குண்டுக்கோ என்று வயரை எண்ணிப் பார்த்த காலம் அது.

"அத்தான், உதை ஊரெல்லாம் சொல்லாதேங்கோ. வயர், பாட்டரி எண்டாலே பிடிக்கிறாங்கள். பெடியன் கணக்கியல் படிக்கிறான் எண்டு சொல்லுங்கோ."

அம்மா உடனே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஊருக்கு நான் கணக்காளர். லீவில் வந்தபோது பக்கத்து வீட்டு அரிசிக்கடைக்காரர் வருமான வரிக்கு வழி கேட்டு என்னை ஒருமணி நேரம் கதிரையில் இருத்தி வைத்தார். நானும் தலையை ஆட்டினேன். அந்த ஆள் வரிக் கந்தோரில் மாட்டுப்படாமல் தப்பியிருந்தால் அது என் சாமர்த்தியமல்ல.

பல்கலைக்கழகத்திலும் நான் ஆடியது இதே கூத்துத்தான். விடுதியில் தவம் என்று இன்னொரு தமிழ்ப் பெடியன் இருந்தான். முதல்நாள் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "நீங்கள் இலங்கையில எவ்விடம்?" என்று கேட்டான். ஏன் கேட்கிறான், யாருக்காகக் கேட்கிறான்? "கொழும்பு" என்றேன். "நானும் கொழும்புதான்" என்றான் அவன். இரண்டு பேருடைய பேச்சிலும் கிழக்கு மாகாணம் நாறியது. வேற்றுநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் வைத்த தேநீர் விருந்துகளில் ஆபிரிக்கரோடும் சீனரோடும் சிரித்துப் பேசிவிட்டு, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேக் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பேசுவேன். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ஹனிபா நானாவின் கொமினிக்கேசன் கடை இருந்தது. கிண்ணியாக்காரர், வெற்றிலை போட்டுக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மரப்பலகைத் தடுப்பு, ஒரு ரெலிபோன், வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்புக்குக் காத்திருக்கும் சனம். தடுப்புக்குள் பேசுவது கடை முழுக்கக் கேட்கும். அதனால் அம்மா ஒரு பாஷை வைத்திருந்தார். பிரச்சினை என்றால் மழை. சுற்றிவளைப்பு என்றால் பெரிய மழை, சோதனைச் சாவடிக் கெடுபிடி என்றால் தூறல். "இஞ்ச ஒரே மழை தம்பி" என்று அவர் சொல்வது கடும் பங்குனி வெயிலில். வரிசையில் நின்றவர்களுக்கு அது விளங்காமலா இருந்திருக்கும்? அவர்கள் வீட்டிலும் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு மட்டும் இந்தப் பாஷை வரவேயில்லை. அவருக்கு என் படிப்புத்தான் வேண்டும். கடைசி வருடச் செய்முறை வேலைக்கு நான் ஒரு மோட்டரைத் தானாக நின்று தானாகத் தொடங்க வைக்கவேண்டும். அது சுற்றும், திடீரென்று நிற்கும், பிறகு அசையாது. கிழமைக்குக் கிழமை அப்பா அதை விசாரிப்பார். ஒரு ஞாயிறு லைன் மிகவும் மோசம். அப்பாவுக்கு நான் சொல்வது கேட்கவில்லை. எல்லா வாத்திமாரையும்போல, கேட்காவிட்டால் அவர் குரலை உயர்த்துவார்.

"என்ன? இயக்கம் நிண்டு போச்சுதோ?"

"இல்லையப்பா, இப்ப ஓடுது!"

"ஆ! இயக்கம் திரும்பத் தொடங்கீற்றுதோ? நல்லது, நல்லது! இனி நிக்கவிடாத!"

பௌதிகப் புத்தகத்தில் இயக்கம் என்றால் அசைவு, மோஷன். நியூற்றனின் இயக்க விதிகள் என்று தமிழில் படித்த எவனுக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் எங்கள் தெருவில் இயக்கம் என்றால் துவக்குத் தூக்கி ஆமியோடு சண்டைபிடித்த பெடியள்தான். அந்தச் சொல்லைச் சனம் புருஷன் பெண்சாதிக்குள்கூட உதட்டை அசைத்துத்தான் சொல்லும். என் அப்பா அதைத் துறைமுகத் தெருவில், பத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினார். கடை இரைச்சல் சட்டென்று அடங்கியது எனக்கு இங்கிலாந்தில் கேட்டது. "மாஸ்டர், மெல்லக் கதைங்க" என்று ஹனிபா நானாவின் குரல். பிறகு லைன் அறுந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ரெலிபோனை எடுத்தது அம்மா.

"பெரிய மழை தம்பி. அப்பா நனைஞ்சிட்டார்."

"எங்கயம்மா?"

"கூட்டிக்கொண்டு போனவை. நீ வராத. வந்தா நீயும் நனைவாய்."

விடுதி நடையில் ரெலிபோனுக்குக் கீழே அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்து அறை ஆங்கிலேயப் பையன் என்ன நடந்தது என்று கேட்டான். அப்பா மழையில் நனைந்துவிட்டார் என்றேன். ஒரு குடைக்காக இவ்வளவு அழுகையா என்பதுபோல் பார்த்தான், பாவம். தவம்தான் வந்து பக்கத்தில் குந்தினான்.

"எந்தக் காம்ப்?"

இவனுக்கு எப்படித் தெரியும்? முறைத்துப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான் திருகோணமலைப் பக்கம், கிளிவெட்டி. எங்கட வீட்டில வெயில் எண்டுதான் சொல்லுறது. வயல் செய்யிறவை மழையைக் கெட்டதுக்குச் சொல்லுவினமோ?"

அன்றைக்கு அவனை முக்கால்வாசி நம்பினேன். மிச்சக் கால்வாசியை இன்றுவரை வைத்திருக்கிறேன், அவனுக்கும் அது தெரியும்.

நான் போகவில்லை. போனால் என் படிப்பு இலத்திரனியல் என்பது விமான நிலையத்திலேயே தெரியவரும். உள்ளே அப்பா உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே அம்மாவும் மாமாவும் கணக்கியல் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு கதை இருந்தால் அந்தக் காலத்தில் ஆள் திரும்பி வருவதில்லை. இரவு பகலாக அந்த மோட்டர் மேசையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

உள்ளே நடந்ததை அப்பா வீட்டுக்கு வந்த அன்று ஒரேயொரு தடவை அம்மாவிடம் சொன்னாராம். அம்மா சொல்லி எனக்குத் தெரியும், அம்மா கொஞ்சம் உப்புப்புளி சேர்த்திருப்பார் என்றும் சந்தேகம். தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டாராம், இயக்கம் எங்கே இருக்கிறது என்று. "எல்லாத்திலயும் இருக்கு" என்றாராம் அப்பா. அதற்கு எத்தனை விதி? மூன்று. விதி போட்டவன் யார்? நியூற்றன். அவன் எங்கே? லண்டனில் செத்துப்போனான். உன் மகன் எங்கே? அதற்குப் பிறகுதான் அடி விழுந்திருக்கிறது.

அவரை மீட்டது அம்மா. மாமா சிபாரிசுக்கு ஆள் பிடிக்க அலைந்துகொண்டிருக்க, அம்மா அப்பாவின் அலுமாரியிலிருந்து அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனார். இலச்சினை போட்ட முன்பக்கத்தைக் காட்டி, பிறகு 'இயக்கம்' என்ற பாடத்தை விரித்துப் பிடித்து, "இது நீங்கள் அடிச்சுத் தந்த புத்தகம். இதைப் படிப்பிக்கத்தான் அவருக்குச் சம்பளமும் தாறியள். பிழை எண்டா அச்சடிச்சவையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாராம். காலையில் போனவரைப் பொழுதுபடும்வரை வாசலில் நிற்க வைத்தார்கள். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாள் அப்பாவோடு திரும்பி வந்தார்.

அதன் பிறகு வந்த ஞாயிறு, "அப்பா, எப்படி இருக்கிறியள்?" என்று கேட்டேன். மெல்லிய குரல். "மோட்டர்... ஒழுங்கா ரன் பண்ணுதோ?"

என் அப்பாவா இது என்று இருந்தது. விறாந்தை வகுப்பிலும் பிறகு மோஷன்தான், நியூற்றன்ஸ் லோஸ்தான். அவருடைய இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. காது கேளாதவர்கள் சத்தம்போட்டுப் பேசுவார்கள். அவர் மட்டும் பக்கத்தில் வந்தால்தான் கேட்கும்படி பேசினார். காட்டிக்கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஹனிபா நானாவா, வரிசையில் நின்றவரா, அரிசிக்கடைக்காரரா என்று வருடக்கணக்காக ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுப் பார்த்திருக்கிறேன்.

சண்டை முடிந்து நான் ஊருக்குப் போனபோது கொமினிக்கேசன் இருந்த இடத்தில் கூல்பார் இருந்தது. மரத்தடுப்பும் இல்லை, வரிசையும் இல்லை. அப்பாவுக்குக் காட்டவென்று ஒரு சின்ன மோட்டர் கொண்டுபோயிருந்தேன். மடியில் வைத்துச் சுற்றவிட்டேன். அவர் முதலில் கேற்றைப் பார்த்தார்.

"இயக்கம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன் அப்பா. இப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"உனக்கென்ன, பிளேன் ஏறிப் போயிடுவாய்" என்றார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

தேநீர் ஆறிவிட்டது. மகள் பென்சிலோடு குசினி வாசலில் வந்து நின்றாள். குனிந்து அவள் காதுக்குள் சொன்னேன்.

"இயக்கம்."

"ஏனப்பா ரகசியமாச் சொல்லுறீங்கள்?"

சொல் கொப்பியில் பத்திரமாக ஏறிவிட்டது. அதை ஒரு தெருவுக்கே கேட்கச் சந்தோசமாகக் கத்திய குரல்தான் எங்கேயும் இல்லை.