சிவப்பு லுங்கிக் கொடி

திருப்பதிக்குப் போகும் வழியில், திருத்தணியில் ஒரு சாலையோர டீக்கடையில் நிற்கிறேன். என் மூன்று சக்கரச் சைக்கிளில் சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். கீழே விழும் பயமில்லை; அண்ணாந்து பார்க்காமலே மலைக்கோயில் தெரிகிறது. ஆனால் இவ்வளவு தாழ்வாகப் போனால் பஸ்காரர் கண்ணில் படுவேனா? பேசாமல் ரயிலேறி ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

டீ ஆற்றும் அக்கா கேட்கிறார்: "படுத்துகினே போறியே நைனா, தூக்கம் வராதா?"

"பஸ்ஸை நெனச்சா தூக்கம் எங்க வரும், அக்கா?"

அக்கா பழைய சிவப்பு லுங்கி ஒன்றைக் கிழித்துக் குச்சியில் கட்டி, என் சீட்டுக்குப் பின்னால் செருகுகிறார்.

"ஆங், இப்ப போ. பார்டர்ல மட்டும் பாத்துக்க. மொதல்ல காலு ஆந்திரா போயிடும், தல இங்கியே கெடக்கும்."

மிதிக்கிறேன். பின்னால் வரும் பஸ் காது கிழிய ஹாரன் அடித்து, விலகிப் போகிறது. ஹாரன் சத்தத்துக்கு நான் சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவை.