நாற்பத்துமூன்று டிகிரியில் தொலைந்த வெளிச்சம்

லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் மோசஸைத் தேடி வருகிறவர்கள் "கண்ணாடிக்காரர் வீடு எது?" என்றுதான் கேட்பார்கள். பீரோக் கண்ணாடி செய்கிறவர் என்று நம்பி இரண்டு பேர் கல்யாணச் சீருக்கு ஆர்டர் கொடுக்கவே வந்துவிட்டார்கள். அவரோ குஷாய்குடா பக்கம் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். காற்றை உறிஞ்சி எடுத்த குடுவைக்குள் வெள்ளியை ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய வைப்பது வேலை. பதினாறு வருஷப் பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு: தாளில் எந்தக் கனம் எழுதியிருந்தாலும் கொஞ்சம் கூடப் போடுவார். "வெள்ளி குறைஞ்சா வெளிச்சம் ஒழுகும்" என்பார்.

1978 மழைக்காலத்தில் அந்தக் கண்ணாடிக்காரர் பெயர் ஆட்டம் கண்டது. ஈரத்தில் பூச்சு உரிந்து இரண்டு கண்ணாடிகள் ரிஜெக்ட் ஆகித் திரும்பின. மூன்றாவதும் வந்தால் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும். மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை.

அப்போதுதான் புதிதாக வந்த விஞ்ஞானி ரகுநாதன் ஒரு முப்பட்டகக் கண்ணாடியை நீட்டினார். ஒரு முகத்தில் மட்டும் வெள்ளி. கனம் ஐந்நூறு ஆங்ஸ்ட்ராம், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"துளிகூட ஏறக் கூடாதுங்க, மோசஸ்."

பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே பூசினார். ஒப்படைக்கும் முன் ரகுநாதனின் மேஜையில் தானே சோதித்தும் பார்த்தார். லேசரின் சிவப்புக் கதிர் கண்ணாடிக்குள் நுழைந்து, வெள்ளியின் உட்பக்கத்தில் பட்டுத் திரும்பிச் சுவரில் பொட்டு வைத்தது. மெல்லத் திருப்பினார். நாற்பத்துமூன்று டிகிரியில் பொட்டு மங்கி அணைந்தது. இன்னும் இரண்டு டிகிரி போனதும் பளிச்சென்று வந்து நின்றது.

வெள்ளியில் ஓட்டை என்று நினைத்துப் பின்னால் காகிதம் பிடித்தார். அங்கும் ஒன்றுமில்லை. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. அப்புறம் எங்கே?

அன்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, சோத்தைப் போட்டு ஏன் இந்தச் சுத்து சுத்துறீங்க?" என்றாள் மனைவி ஹில்டா.

"ஒரு கோணத்துல காணாமப் போகுது ஹில்டா."

"யாரு?"

"வெளிச்சம்."

"கரண்டு போயிருக்கும்."

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் மேலே இன்னும் ஆயிரம் ஆங்ஸ்ட்ராம் ஏற்றினார். இருட்டு ஒழிந்தது. எந்தக் கோணத்திலும் பொட்டு மின்னியது. நிம்மதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மதியம் ரகுநாதன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூணு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். வெளிச்சம் முழுசாத் திரும்பி வருது. சோதனை தோல்வின்னு எழுதிட வேண்டியதுதான்."

வெளிச்சம் வந்ததற்கு ஒரு மனிதர் அழுவாரா? மோசஸுக்குத் தலை சுற்றியது. வாயைத் திறந்தால் மூன்றாவது ரிஜெக்ட். மூடினால் இவர் தன் கணக்கையே தப்பென்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

"சார், நேத்து இருட்டு வந்துச்சு. கோளாறுன்னு நெனச்சு நான்தான் வெள்ளியை ஏத்திட்டேன்."

ரகுநாதன் துள்ளி எழுந்தார். "அந்த இருட்டுதாங்க எனக்கு வேணும்!"

"இருட்டுக்கா சார் கண்ணாடி?"

"வெள்ளிக்குள்ள எலக்ட்ரான் கூட்டம் இருக்கு. சரியான கோணத்துல வெளிச்சம் பட்டா, வெள்ளியோட வெளிப்புறத்துல அது அலையா ஓடும். வெளிச்சம் அந்த அலைக்குள்ள போயிடுது. பூச்சு கனமானா வெளிச்சம் அந்தப் பக்கம் எட்டாது."

"அலைக்குள்ள போயி?"

"கடைசியில சூடாயிடும்."

மோசஸ் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டார். "ஜில்லுன்னு இருக்கே சார்."

"கைக்குத் தெரியிற அளவு சூடு இல்லீங்க."

குழப்பம் இரட்டிப்பானது. இருந்தாலும் பழைய பூச்சை அமிலத்தில் கழுவினார், புதிதாகப் பூசினார். ஐந்நூறு வந்ததும் வெள்ளி ஆவியை மறிக்கும் மூடியைத் தள்ளும்போது கை இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சியது, அடக்கினார். நாற்பத்துமூன்றில் பொட்டு மறைந்தது.

கண்ணாடி தரச்சோதனைக்குப் போனது. அதிகாரி வரதராஜன் படிவத்தைப் பார்த்தார். திரும்பும் ஒளி: இரண்டு சதவீதம்.

"என்னய்யா இது, மூணாவது ரிஜெக்டா?"

"நக்கோ சார், ரிஜெக்ட் இல்லை. இது இருட்டா இருந்தாத்தான் பாஸ்."

"ஏன்?"

மோசஸ் வாயைத் திறந்தார். எலக்ட்ரான், அலை, ஜில்லென்ற சூடு எல்லாம் தொண்டைவரை வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"ரகுநாதன் சாருக்குத் தெரியும் சார். நீங்க கையெழுத்தப் போடுங்க."