டெய்லரக்காவின் பொத்தான் சார்ட்

எங்கள் மாடி வீட்டு டெய்லரக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜன்னலோர மெஷினோடு மெஷினாகக் கிடந்தவள். தையல் நேரம் போக மீதி நேரமெல்லாம் அடுப்பும் துடைப்பமும். அந்த வீட்டில் இன்னும் மூன்று பேர் உண்டு. மெக்கானிக் புருஷன், வேலையை விட்டு ஓய்ந்த மாமனார், நாத்தனார் சிட்டு. மூவருக்கும் கைகால் சுகம்தான். குடித்த டம்ளரைக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைப்பது மட்டும் வராது.

இப்படி இருக்கையில், சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் மேசைக்கு ஆள் கேட்டார்கள். அக்காவின் வெட்டு சுத்தம் என்று கேள்விப்பட்ட மேனேஜரம்மா, "அடுத்த திங்கக்கிழமை வந்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மெக்கானிக் முட்டுக்கட்டை போட்டான். "நீ போயிட்டா வீட்ட யாரு பாக்குறது? ஒரு வாரம் எல்லாரும் பங்கு போட்டுச் செய்வோம். ஓடுச்சுன்னா நீ போ."

யாருக்கு எந்த வேலை என்று பங்கு போடத்தான் இந்தச் சார்ட். அக்கா கடையில் எழுதி அழிக்கிற பலகையின் விலையைக் கேட்டுவிட்டு, அதைக் குழந்தையைப் படுக்கவைப்பது போல இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். கிழிந்த போர்வையில் நல்ல பாதியை வெட்டினாள். மிச்சமிருந்த லைனிங் துணியில் வரிசையாகக் குட்டிப் பைகள் தைத்தாள். சட்டை வந்த பிளாஸ்டிக் கவரை நறுக்கி வரிசைக்கொரு ஜன்னல் வைத்தாள். பாத்திரம், துணி, தண்ணி, குப்பை என்று எழுதிய அட்டையை அதில் செருகலாம், வேண்டாதபோது உருவி மாற்றலாம். அட்டைக்குப் பழைய காலண்டர் கொடுத்தது நான். என் பங்கு அவ்வளவுதான், பழி என்மேல் வேண்டாம்.

ஆளுக்கொரு பொத்தான். கண் மங்கிய மாமனாருக்குக் கோட்டுப் பொத்தான். உன் முறை என்றால் பொத்தான் இடது பையில், முடித்துவிட்டால் வலது பையில். அடியில் ஒரு பெரிய பை தைத்து அதன்மேல், 'வேலைக்குப் போறவங்க. இவங்களுக்குச் சாயங்காலம் ஒரு வேலை மட்டும்' என்று எழுதினாள். தனக்காகத்தான் தைத்தாள். தன் பேரை எழுதத்தான் கூச்சம்.

தைத்து முடித்ததும் மெக்கானிக் தன் பொத்தானை முதல் ஆளாக அதில் போட்டான். "நான் என்ன கிரிக்கெட் ஆடவா போறேன்?"

வாரம் ஓடியது. மாமனார் தண்ணீர் பிடித்தார், பாதி வாளியில், பாதி தரையில். அசத்தியது சிட்டுதான். படிப்பை முடித்துவிட்டுச் செல்போனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவள், பாத்திரம், துணி எல்லாவற்றையும் சிரித்த முகமாகச் செய்தாள். அண்ணியிடமே தையல் கற்றவள் இல்லையா, கேள்வியும் நிறைய.

"கம்பெனிக்கு எந்த பஸ்ஸு அண்ணி? ஒரே நேரத்துல எத்தன மடிப்பு வெட்டுவாங்க?"

"ஏண்டி, நீயா போகப்போற?"

"தெரிஞ்சு வச்சுக்குறேனே!"

பாசம் என்று நினைத்து அக்கா எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை. சிட்டு சிநேகிதி வீட்டுக்கு என்று விடிந்ததும் கிளம்பிவிட்டாள். அக்கா தன் பெரிய கத்தரியைத் தேடினாள், கிடைக்கவில்லை. சரி, கம்பெனியில் ஒன்று இருக்காதா என்று போனாள்.

மேனேஜரம்மா விழித்தாள். "உங்களுக்கு வீட்ட விட்டு வர முடியலன்னு நாத்தனார அனுப்பிட்டீங்களே! சனிக்கிழமையே வந்து சொல்லிடுச்சே!"

உள்ளே வெட்டு மேசையருகே சிட்டு நின்றாள். கையில் அக்காவின் கத்தரி. பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வெட்டத் தொடங்கினாள்.

அக்கா வீட்டுக்கு வந்து புருஷனை உலுக்கினாள். "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சொன்னா. இதுக்குப் போயி ஏன் கத்துற? யாரு போனா என்ன, நம்ம வீட்டுக்கு வேலை வந்துச்சுல்ல? அவளுக்கும் நாளைக்கு ஒரு வாழ்க்கை வேணாமா?"

"எனக்கு?"

அவன் செருப்பைத் தேட ஆரம்பித்தான். மாமனார் சார்ட்டருகே போய், சிட்டுவின் பொத்தானை எடுத்துப் பெரிய பையில் போட்டார். "வேலைக்குப் போறவங்கன்னு நீதானேம்மா எழுதியிருக்க?" கெட்ட எண்ணமில்லை மனுஷனுக்கு, சட்டப்படி நடந்தார். சிட்டு விட்ட வரிசைகளிலெல்லாம் மிச்சமிருந்தது அக்காவின் பொத்தான் ஒன்றுதான்.

சாயங்காலம், கிழிந்த கால்சட்டையைத் தைக்கக் கொடுக்கலாமென்று மாடி ஏறினேன். எனக்கு முன்னால் சிட்டு, கம்பெனி கோட்டோடு நின்றாள்.

"அண்ணி, தோள்ல தொளதொளன்னு இருக்கு. கொஞ்சம் புடிச்சுக் குடுங்களேன். நாளைக்குப் போடணும்."

அக்கா கோட்டைத் தொடவில்லை. "உன் அளவு எனக்கு அத்துப்படின்னு நெனச்சிருந்தேன் சிட்டு. தப்பா எடுத்திருக்கேன். வேற டெய்லரப் பாரு."

"கோவமா அண்ணி?"

அக்கா எழுந்து குழாயடிக்குப் போனாள். காலையிலிருந்து கழுவாத பாத்திரம் குவிந்து கிடந்தது.

நான் கால்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.