எண்பதாம் நம்பர் பெல்ட்

போன வாரம் சமையலறை அலமாரி செய்ய ஒரு தச்சர் வந்திருந்தார். பருத்திப்பட்டில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் மரவேலை என்றால் பால்கனியில்தான். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மரம் கருகும் வாசனை. செருப்புகூடப் போடாமல் ஓடி, "என்ன நம்பர் பெல்ட் போட்டிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன். பாவம், கையிலிருந்த மிஷினைக் கீழே போடப் பார்த்தார். பால் பொங்கி வழிந்தாலும் அசையாத மனுஷன் இதற்கு மட்டும் ஓடுவதைப் பாரேன் என்றாள் என் மனைவி. நியாயம்தான். ஆனால் அந்த வாசனையில் எனக்கு முப்பது வருஷத்து எரிச்சல் இருக்கிறது. பெரும்பாலும் என்மேலேயே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு மரப்பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஆணி, கோந்து, உப்புத்தாள் எல்லாவற்றுக்கும் நான்தான் ராஜா. அங்கே பலகையின் விளிம்பைத் தேய்ப்பதற்கென்றே எட்ஜ் சாண்டர் என்று ஒரு மிஷின் இருந்தது. உப்புத்தாள் பெல்ட் ஒன்று இரண்டு உருளைகளைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். பலகையின் ஓரத்தை அதில் வைத்து அழுத்தினால் வழவழப்பாகும். அதை ஓட்டியவர் ஸ்டெல்லா அக்கா. முதலில் கையால் உப்புத்தாள் தேய்க்கத்தான் அவரை எடுத்தார்கள். மிஷின்காரர் துபாய்க்குப் போனதும், "எனுக்கு குடுங்க, ஓட்றேன்" என்று போய் நின்றிருக்கிறார். வேறு ஆள் கிடைக்காததால் முதலாளி சரி என்றார். ஒரே மாதத்தில் மிஷின் அவர் கைக்குப் பழகிவிட்டது. பலகையைப் பார்க்கக்கூட மாட்டார். சத்தத்தை வைத்தே எப்போது எடுக்கவேண்டும் என்று தெரியும்.

பெல்ட் வாங்குவது என் வேலை. அம்பத்தூரில் ரயிலேறி பாரிமுனைக்குப் போகவேண்டும். முதல் தடவை, அறுந்த பெல்ட்டை அளந்து அதே நீளத்துக்கு வாங்கி வந்தேன். அறுந்தபோது ஒரு சாண் கிழிந்து தொலைந்ததை நான் கவனிக்கவில்லை. புதியது உருளையில் ஏறவே இல்லை. பட்டறையே சிரித்தது. இரண்டாம் தடவை காகிதத்தில் செய்த பெல்ட் வாங்கினேன். அது மழைக்காலம். ஈரத்தில் ஊறி, ஓடும்போதே ஒட்டு பிரிந்து, சாட்டை மாதிரி ஸ்டெல்லா அக்காவின் மணிக்கட்டில் அடித்தது. அவர் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, துணியில் செய்தது வேண்டும், எண்பது நம்பர் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் தடவை கடையில் துணி பெல்ட் இருந்தது, ஆனால் நூற்றைம்பது நம்பர். நம்பர் ஏற ஏற தாளில் உள்ள மணல் பொடியாகும், வழவழப்பு கூடும் என்றார் கடைக்காரர். எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. எண்பது கேட்டவருக்கு நூற்றைம்பது கொண்டுபோகிறேன் என்று ரயிலில் பெருமையாகக்கூட இருந்தது.

ஸ்டெல்லா அக்கா பெல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இது தேய்க்காது தம்பி. எரிக்கும்."

கடைக்காரருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று கேட்டேன். இருபத்திரண்டு வயது, கையில் டிப்ளமோ வேறு.

அது ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது டெஸ்க் செய்யும் வேலை. கெட்டியான வேங்கைப் பலகை. முதல் பத்துப் பலகைகளின் விளிம்பும் தோசைக்கல்லில் வைத்து எடுத்த மாதிரி கறுத்துவிட்டன. முதலாளி வந்து பார்த்தார். என்ன இது என்று பொதுவாகத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"அவங்க ரொம்ப அழுத்துறாங்க சார்."

ஸ்டெல்லா அக்கா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே அவரை வார்னிஷ் பக்கம் மாற்றிவிட்டு வேறொருவரை மிஷினில் நிறுத்தினார்கள். அந்தப் புதியவருக்கும் பலகை கருகியது. அவர் அதிகம் அழுத்துகிறார் என்று யாரும் சொல்லவில்லை. மரம் சரியில்லை என்றார்கள். வார்னிஷ் நெடி ஸ்டெல்லா அக்காவின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமிக்கொண்டே ஒரு வாரம் வந்தார், பிறகு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை பாரிமுனைச் சந்துகளில் கடை கடையாக ஏறி இறங்கி எண்பது நம்பர் துணி பெல்ட்டைக் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை விளிம்புகள் சுத்தமாக வந்தன. முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது, அவரைத் திரும்பக் கூப்பிடலாம் என்றேன். "வேலைதான் நடக்குதேப்பா, விடு" என்று ஃபோனை எடுத்துவிட்டார்.

கள்ளிக்குப்பத்தில் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், வழி நெடுக ஒத்திகை பார்த்தது பாதியில் நின்றுவிட்டது.

"வேற கம்பெனில சேந்துட்டேன் தம்பி. சட்டைக்கு நூல் வெட்றது" என்றார். பிறகு இன்னொரு துணியை உதறிப் போட்டார். "எண்பது போட்டியா?"

"போட்டோம்க்கா."

"ஓரம் எப்டி கீது?"

"நல்லா வருது."

"அப்ப சரி" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டதாகக் கேள்வி. தச்சர் வேலை முடித்துப் போன மறுநாள், என்னவோ தோன்றி கள்ளிக்குப்பத்துக்குப் போனேன். அந்தத் தெருவில் எல்லாமே மாடி வீடுகள். ஒரு வீட்டு வாசலில் நின்ற ஓர் அம்மாவிடம் ஸ்டெல்லா என்று இங்கே இருந்தார்களே என்று கேட்டேன். எந்த ஸ்டெல்லா என்றார். ஒரு பட்டறையில் மிஷின் ஓட்டினவங்க என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தையல் மிஷினா?"