உள்ளே நன்றாக இருந்த மரம்

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் திருச்சி முழுக்க மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலையிலேயே வார்டு இன்ஜினியர் எனக்குப் போன் செய்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் என்பதால் இந்த மாதிரி சமயங்களில் என்னைக் கூப்பிடுவார்கள். விழுந்த மரத்துக்கு யாருடைய யோசனையும் வேண்டாம். அறுத்து லாரியில் ஏற்றினால் முடிந்தது. பாதி சாய்ந்து நிற்கிறதே, கிளை முறிந்து தொங்குகிறதே, அவற்றில் எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று சொல்லத்தான் ஆள் தேவை.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களிலிருந்தே ஆரம்பித்தோம். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து விறைத்துவிட்டது. மரத்தூள் தலையிலிருந்து குளித்தாலும் போகவில்லை. ஒரு தெருவில், கீறல்கூட விழாமல் நின்ற புன்னையைக் காட்டி ஒரு பெரியவர், "இந்த சாக்குல இதையும் எடுத்துடச் சொல்லுங்கோ. இலை கொட்டி மாளலை" என்றார். "நன்னா இருக்கற மரத்த எப்படி மாமா எடுக்கறது?" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைய வேலை அதோடு முடிந்தது.

மறுநாள் மன்னார்புரத்துக்குப் போனபோது எனக்குப் பேசுகிற தெம்பே இல்லை. சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள், எல்லோருக்கும் அதுதான் நிழல். அடியில் ஓர் அம்மா இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்திருந்தது. மரம் சாலைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான், பார்வைக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டினேன். எங்கேயும் பொந்து இருக்கிற சத்தம் வரவில்லை.

"நான்தான் சொன்னேனே, இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு" என்றாள் அந்த அம்மா, துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மரத்தை ஒட்டியே சாக்கடை. எப்போதோ அதற்குப் பள்ளம் தோண்டியபோது அந்தப் பக்கத்து வேர்களை மொத்தமாக வெட்டியிருந்தார்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டிய வேர்கள் அவை. அங்கே மண் நீளமாக வெடித்திருந்தது. காற்று வீசும்போது அந்த வெடிப்பு லேசாகத் திறந்து மூடியது.

"எடுத்துடணும் சார். இன்னைக்கே" என்றேன் இன்ஜினியரிடம்.

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எவ்வளவோ காத்தப் பாத்துட்டு நிக்குதும்மா இது. நீங்க வந்து ரெண்டு தட்டு தட்டிட்டு எடுக்கச் சொல்றீங்க. இந்த வெயில்ல கரிப் பெட்டியோட நான் எங்க போய் நிக்கிறது?"

அவளைக் கூட்டிப்போய் வெடிப்பின் மேல் கையை வைக்கச் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரம் காற்றே இல்லை. பிறகு ஒரு வீச்சு. அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வெட்டுங்களேன்" என்றாள், குரல் இறங்கி. "ஒரு கல்யாண வீட்டுத் துணி கெடக்கு."

"வேணாம்மா. இப்பவே வண்டிய நகர்த்திடலாம். வாங்க, நானும் தள்றேன்."

தள்ளினோம். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கிரேன் வந்தது. மேலே ஏறியவர்கள் கிளை கிளையாக இறக்கினார்கள். மத்தியானத்துக்குள், அதுவரை இருட்டாக இருந்த இடத்தில் வெயில் அப்பட்டமாக விழுந்தது. கடைசியாக அடிமரத்தை அறுத்ததும் எல்லோரும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நடுவில் பழுப்பு, சுற்றிலும் வெளுப்பு, ஈரம் மின்ன, ஒரு பூச்சித் துளைகூட இல்லாமல் இருந்தது.

"கல்லு மாதிரி இருக்கே" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"உள்ள நல்லாத்தானேம்மா இருக்கு?" அந்த அம்மா என்னிடம் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"உள்ள நல்லாத்தான் இருக்கு. பிடிமானம்தான் போயிடுச்சு."

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இன்ஜினியர் என்னைத் தேற்றப் பார்த்தார். "விழுந்து நாலு பேருக்கு அடிபட்டிருந்தா, ஏன் முன்னாடியே பாக்கலேன்னு இதே ஆளுங்கதான் கேப்பாங்க மேடம்." உண்மைதான். ஆனால் வெட்டிய மரம் விழுந்திருக்குமா என்று இனி யாராலும் காட்ட முடியாது. நான் சொன்னது சரி என்பதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் மண்ணில் ஒரு வெடிப்பு. அதன் மேல் இப்போது லாரி நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஆடிக் காற்று ஆரம்பித்த பிறகு ஒருநாள் மன்னார்புரத்தில் பஸ் மாற இறங்கினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மரம் தட்டுற அம்மா! இங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

அவள்தான். ஒரு கடை வாசலில் இருந்த சின்னப் புங்கைக்கு அடியில் வண்டி நின்றது. அந்த நிழலில் பாதி வண்டிதான் அடங்கியது. முன்பைவிடக் கறுத்திருந்தாள்.

"இதையும் தட்டிப் பாத்துச் சொல்லுங்க. காத்தடிச்சா எனக்கு இப்பல்லாம் கையில வேல ஓட மாட்டேங்குது. கீழ மண்ணத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

சுத்தியல் கையில் இல்லை. விரல் முட்டியால் தட்டினேன். சுற்றி வந்தேன். செருப்பால் அடிமண்ணைக் கிளறிப் பார்த்தேன். சிமெண்டு வேரை நெருக்கிக்கொண்டிருந்தது, மற்றபடி குறை தெரியவில்லை.

"நிக்கும்மா."

"நெசமாவா?"

"இப்போதைக்கு நிக்கும். மண்ணு வெடிச்சா வண்டிய நகர்த்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

"போன் பண்ணி? வந்து வெட்டச் சொல்லுவீங்க" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனாலும் செல்போனை எடுத்து என் நம்பரைப் போட்டுக்கொண்டாள்.

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகிற பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கண் சாலையோர மரங்களுக்குப் போனது. எது சாய்ந்திருக்கிறது, எதன் அடியில் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். முடியவில்லை. பையை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.