பலா மரத்துப் பெட்டி

வத்தேகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நிற்கிறேன். பறவைச் சத்தங்களைப் பதிய இரண்டு வாரத்துக்கு முன் பலா மரத்தில் நான் கட்டிவிட்டுப் போன பச்சைப் பெட்டி அப்படியே இருக்கிறது. புது மெமரி கார்ட்டைப் போட்டு அதை ஓடவிட்டு, பழையதை ஹெட்போனில் கேட்கிறேன். குக்குறுவான், மலையணில், மழை, எல்லாம் துல்லியம். ஆனால் மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை. இருபது பெண்கள் தினமும் இந்த மரத்தடியில்தானே கொழுந்து எடுக்கிறார்கள்? குழப்பத்தோடு, 'ஆள் நடமாட்டம் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

அவர்களில் ஒருவரான செல்வி அக்கா என் கையைப் பிடித்துத் தூரமாகக் கூட்டிப் போகிறார். அப்புறம்தான் வாயைத் திறக்கிறார்.

"நாங்க பேசுறத ஒட்டுக்கேக்கத்தானே தொரை அத மாட்டியிருக்காரு? ரெண்டு கெழமையா அங்க ஒருத்தியும் மூச்சு விடல."

"ஐயோ அக்கா, தோட்டத்துத் தொரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்தக் காட்டுல எந்தக் குருவி இருக்கு, எது கொறையுதுன்னு பாக்க நான் வச்சது."

அவர் மரத்தடிக்கே ஓடிக் கத்துகிறார். "அடியே, குருவிக்குத்தானாம்!"

பெண்கள் அடக்கி வைத்த பேச்செல்லாம் கொட்டுகிறது: ஒரு கல்யாணம், மரக்கறி விலை, தொரையின் தொப்பை. மேலே குக்குறுவான் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. அதற்கு இவர்கள் பழக்கம்தான். நான் குறிப்பேட்டில் எழுதியதை வெட்டுகிறேன்.

செல்வி அக்கா பெட்டியில் மினுங்கும் விளக்கைப் பார்க்கிறார்.

"இப்பவும் பதியுதா தம்பி?"

"பதியுதுக்கா."

"அப்ப அந்தத் தொப்பைய மட்டும் அழிச்சிருங்க. குருவி இருக்கட்டும்."