பதினாறாம் நம்பர் துவக்கும் சம்பந்தி மரியாதையும்

துவக்கு விற்பவனின் முதற்கடமை பிழையான நம்பிக்கைகளை அகற்றுவது. துவக்கை விற்பது அதற்கு அடுத்ததுதான். ஆகவே தொடங்குமுன் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல் வைத்த துவக்கு, இரண்டு பறவைகளை ஒரேயடியாகச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது என்றொரு எண்ணம் படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. இந்த அநியாயம் இந்தப் பத்தியோடு முடிய வேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டு குழலும் ஒரே பறவைக்குத்தான். வலது குழலின் வாய் கொஞ்சம் அகலம். அதிலிருந்து போகும் சன்னங்கள் உடனே விரியும். இடது குழலின் வாய் இறுக்கம். சன்னங்கள் தூரம்வரை கூடியே போகும். பறவை கிட்ட எழுந்தால் ஒன்று, எட்டப் போய்விட்டால் மற்றது. இரண்டு அபிப்பிராயங்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன, எதை வெளியே விடுவது என்று அரை வினாடியில் தீர்மானிக்க வேண்டும். மணமானவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

நான் நிற்கும் கடை கியூபெக் மாகாணத்து லொங்குய்யில் இருக்கிறது. மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆற்றுக்கு அடியால் வந்து மூச்சு வாங்கும் நிலையத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். ஆறு வருடம் துவக்குக் கவுண்டரில் நின்றேன். நான் ஒரு பறவையையும் சுட்டதில்லை. ஆனால் பறவை வேட்டையைப் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகங்களில் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த எவருக்கும் தெரியும், வாடிக்கையாளருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பரீட்சை முடிவுகள்

ஜூலை மாதத்து மத்தியானம் ஒன்றில் ஜெராட் அண்ணை உள்ளே வந்தார். மன்னார்க் கத்தோலிக்கர். ஆற்றுக்கு அக்கரையில் அஹுன்ட்சிக்கில் வீடு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், ஆகவே கோடையில் ஓய்வு. லைசன்ஸ் அட்டையையும் வேட்டை வகுப்பு முடித்த சான்றிதழையும் கண்ணாடிப் பெட்டியின்மேல் நேராக அடுக்கி வைத்துவிட்டு, "தம்பி தமிழோ?" என்றார். ஓம் என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு விசயத்துக்கு வந்தார். மகள் அனித்தாவுக்கும் ஒரு கியூபெக் பெடியனுக்கும் அடுத்த கோடையில் கல்யாணம். பெடியனின் தகப்பன் ரெயால், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாத மனிதர். நானூறு பேர் வருகிற கல்யாணத்துக்குத் தன்னால் வர ஏலாது என்று மகனிடம் சொல்லிவிட்டார். கோயிலில் மாப்பிள்ளையின் தகப்பனுடைய கதிரை வெறுமையாக இருக்கப்போகிறது என்று அனித்தா அழுகிறாள். அந்த ரெயால், யாரும் எதிர்பாராமல், ஒக்டோபரில் தன்னோடு பெர்த்ரி வேட்டைக்கு வரும்படி அண்ணையைக் கூப்பிட்டிருக்கிறார். பெர்த்ரி என்பது இங்குள்ள காட்டுக்கோழி. "காட்டில வச்சு அந்த மனிசனைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வரோணும் தம்பி. அதுக்கு ஒரு துவக்கு."

முதலில் நம்பரைக் கேட்டேன். பன்னிரண்டா, இருபதா? பெரிய மனிதரோடு போவதால் பெரியதே நல்லது, இருபது தாருங்கள் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஒரு இறாத்தல் ஈயத்தில், குழலின் வாய் அளவுக்கு எத்தனை உருண்டை பிடிக்கலாமோ அதுதான் நம்பர். ஆகவே நம்பர் கூடக்கூடக் குழல் சிறுக்கும் என்று வரலாற்றோடு விளக்கினேன். பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வகுப்பில முதலாம் பிள்ளை, இருபதாம் பிள்ளை எண்ட மாதிரி. இதை நீர் முதலே சொல்லியிருக்கலாம்."

அளவுக்கு மிஞ்சிய பூவேலை

ஒரு கிழமை கழித்துக் கைத்தொலைபேசியில் ஒரு படத்தோடு வந்தார். மகள் மூலம் இரகசியமாக எடுப்பித்த படம். ரெயாலின் சமையலறைச் சுவரோரம் அவருடைய துவக்கு. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பழையது, எளியது, இரட்டைக் குழல், பதினாறாம் நம்பர். பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் நடுவில், இப்போது அதிகம் பேர் கேட்காத அளவு. அதைக் கண்டதும் என் நெஞ்சில் ஏதோ மெல்ல மிதந்தது. எங்கள் கடையிலும் ஒரு பதினாறு இருந்தது. கைபிடி வால்நட் மரம், தேன் நிறம், உள்ளே புகை உறைந்ததுபோல ரேகைகள். இரும்பில் புல்லும் இலையும் பறவையும் செதுக்கியிருந்தது. யாரும் இல்லாத பின்னேரங்களில் அதை எடுத்துத் துடைப்பேன். துடைக்கும்போது, நான் ஒருநாளும் போகாத ஈரமான காடுகளில் நடந்துகொண்டிருப்பேன். நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு குழலும் வெறுமை என்று காட்டி, அண்ணையின் கையில் கொடுத்தேன்.

அவர் அதை ஒரு பச்சைக் குழந்தையைப் போலத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "வடிவு கூடிப்போச்சு. அவரின்ர துவக்கில ஒரு பூவும் இல்லை. நாங்கள் பொம்பிளை பகுதி. பகட்டுக் காட்டுறம் எண்டு நினைப்பார். அதுக்காகக் குறைஞ்சதும் கொண்டுபோக ஏலாது; அவரை மதிக்கேல்ல எண்டு போகும்." கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், அதே தரம் வேண்டும். அவர் போன பிறகு கடைக்காரி மடாம் ஜினெட், ஒரு மணித்தியாலம் பேசியும் ஏன் விற்கவில்லை என்று கேட்டார். சம்பந்தி மரியாதையை என்னால் இயன்றளவு பிரெஞ்சில் எடுத்துச் சொன்னேன். மடாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்: "இந்த மனிதர் துவக்கு வாங்குகிறாரா, துவக்குக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா?"

ஒரு கீறல்

ஓகஸ்டில், இல்-பிசார் தீவில் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிற ஒருவர், தன் சாமான்களோடு ஒரு இரட்டைக் குழல் பதினாறையும் கடைக்கு விற்றுவிட்டுப் போனார். பூ இல்லை, இலை இல்லை. கைபிடியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். எங்கள் திருத்துநர் குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, இக்காலத்துத் தோட்டா தாங்கும் என்றார். நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். கீறலை மறைப்பது என் வழக்கமல்ல. முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் யாரோடோ கதைக்கும் சத்தம். பிறகு அண்ணை, நிம்மதி வழியும் குரலில்: "அந்தப் படத்தில அவரின்ரயிலயும் ஒரு கீறல் இருக்கு தம்பி. வேற ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதையும், பஸ் ஏறிட்டன்."

ஓகஸ்டில் ஒக்டோபர்

வாடிக்கையாளர்கள் ஓகஸ்டில் கைநீளம் குறைந்த சட்டையோடு வந்து துவக்கைத் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். அளவாக இருக்கும். ஒக்டோபரில் தடித்த கோட்டோடு காட்டில் தூக்கும்போது துவக்கின் கைபிடிக் கட்டை அக்குளில் சிக்கும். அதற்குள் பறவை மற்ற மாகாணத்துக்குப் போய்விடும். ஆகவே கோட்டுப் போடுவித்துத்தான் அளவு பார்ப்பேன். வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில். அண்ணை கொழுவியில் தொங்கிய குளிர்காலக் கோட்டொன்றைப் போட்டுக்கொண்டு, துவக்கைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார். கடையில் பாதுகாப்பாகக் குறிபார்க்க ஒரேயொரு இடம்தான்: கூரை மூலையில் ஈரம் ஊறிய ஒரு கறை. ஆறு வருடமாக என் வாடிக்கையாளர் எல்லாரும் அந்தக் கறையைத்தான் தொடர்ந்து போயிருக்கிறார்கள்.

இரண்டு கண்ணையும் திறந்து வைக்கச் சொன்னேன். துவக்கைப் பார்க்கக் கூடாது, பறவையை மட்டும் பார்க்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் இரண்டு குழலும் கரைந்துபோகும், நடுவில் ஒரு மங்கலான பாதை மட்டும் மிஞ்சும். "தெரியுதோ?" என்றேன். அண்ணைக்கு வியர்வை புருவத்தில் நின்றது. குழல்கள் மெதுவாக, ஆற்றில் மிதக்கும் மரம்போலத் திரும்பின. மின்விசிறிச் சத்தம் தூரத்துக்குப் போனது. நாங்கள் மூன்று பேரும், வராத ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது ஆள், அண்ணையோடு கூட வந்திருந்த அவர் மனைவி திரேசா அக்கா. அவர்தான் முதலில் விழித்தார்: "பூசைக்குப் போகேக்க ஒரு கோட்டுப் போடச் சொன்னா வேர்க்குது எண்டுவார். இப்ப பாருங்கோ."

உட்கார்ந்திருக்கும் பறவை

செப்ரெம்பரில் தோட்டா வாங்க வந்தபோது, நாகரிகத்தைக் கற்பித்தேன். என் புத்தகங்கள் எல்லாம் ஒருமுகமாகச் சொல்லும் சட்டம் இது: நிலத்தில் நிற்கும் பறவையைச் சுடுவது பண்பல்ல. அது எழும்பும்வரை காத்திருக்க வேண்டும். எழும்பினால் முன் விசை வலது குழல், தூரம் போனால் பின் விசை இடது குழல். அண்ணை தோட்டாப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "எழும்ப வேணும். பேந்துதான் வெடி." தலையாட்டிக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

கதவு மூடியபின் மடாம் ஜினெட் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு என் தமிழ் விளங்காது. ஆனால் கைகளால் பறவை எழும்புவதை நடித்துக் காட்டியதைப் பார்த்திருந்தார். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். மென்மையாகச் சொன்னார்: "என் அப்பா நாற்பது வருடம் காட்டுப் பாதையில் பெர்த்ரி சுட்டார். ஒன்றாவது பறந்ததை அவர் கண்டதாகச் சொன்னதில்லை."

நாலு குழல், ஒரு பறவை

அந்த மாதம் முழுதும் எனக்கு நித்திரை குறைவு. இந்தக் காட்டுக்கோழி பாதை நடுவில் நின்று மனிதரை உற்றுப் பார்க்குமாம். இங்குள்ளவர்கள் அதை அப்படியே சுட்டுச் சட்டிக்கு அனுப்புவார்களாம். அதை அண்ணைக்குச் சொல்ல இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன், கிடைக்கவில்லை. மரங்கள் எல்லாம் மஞ்சளாகிய ஒரு காட்டில், ஒரு பறவை முன்னால் நிற்க, அண்ணை அது எழும்பும்வரை மரியாதையாகக் காத்திருப்பதும், ரெயால் அவரைக் கோழை என்று முடிவுகட்டித் திரும்பி நடப்பதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. கோயிலில் அந்தக் கதிரை வெறுமையாகவே இருக்கும். காரணம் நானும் என் புத்தகங்களும்.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை அண்ணை வந்தார். வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று கதையைப் பிரெஞ்சிலேயே சொன்னார். காலைப் பனி. பாதை வளைவில் ஒரு பெர்த்ரி, இருபது அடியில், கழுத்தை நீட்டிக்கொண்டு. ரெயால் கையை விரித்து, விருந்தாளி நீங்கள், சுடுங்கள் என்றார். அண்ணைக்கோ பறவை எழும்பவில்லை. எழும்பினாலும் சம்பந்திக்கு முன்னால் சுடுவது எப்படி? அவரும் கையை விரித்து, இல்லை, நீங்கள்தான் என்றார். ரெயால் தொப்பியைக் கழற்றி, தயவுசெய்து நீங்கள் என்றார். அண்ணை துவக்கை மடித்துத் திறந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டு, உங்கள் காடு, நீங்கள் என்றார். ரெயாலும் தன்னுடையதை மடித்துத் திறந்துவிட்டார். நாலு குழலும் நிலத்தைப் பார்த்தன. பறவை இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பூசை முடிந்து போகிற ஆள்போல ஆறுதலாக நடந்து ஊசியிலை மரங்களுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு நெடுநேரம் பனி மட்டும்தான் அசைந்தது.

"அவர் கோபிச்சவரோ?" என்று தமிழில் கேட்டேன். 

அண்ணை தமிழுக்கு மாறினார். "மரக்குத்தியில இருந்து ரெண்டு பேரும் தகர டப்பா அவரைக்கொட்டை சாப்பிட்டம்.  பேந்து கரண்டியைக் கீழ வச்சிட்டுச் சொன்னார், 'என்னோடு இந்தக் காட்டுக்கு வந்த ஒருவனும் எனக்கு முதல் வெடியை விட்டுத் தந்ததில்லை. கல்யாணம் எத்தனை மணிக்கு?'"

எட்டுப் பேரும் கதையைக் கடைசிவரை கேட்டு, அண்ணையின் கையைக் குலுக்கிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போனார்கள். சரியாகத் தெரிவு செய்யப்பட்ட துவக்கு வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்ற என் முடிவை அன்று பின்னேரம் மடாம் ஜினெட்டிடம் எடுத்துச் சொன்னேன். திங்கட்கிழமை தொடக்கம் நான் அதே கடையின் தூண்டில் பகுதியில் நிற்கிறேன்.